பழைய லீஃப் வாங்கலாமா? பற்றரியின் ஆயுளும் கொங்கோவின் கோபால்ட்டும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். தெகிவளையில் வீடு, கோட்டையில் வேலை, நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓட்டம். ஒரு 2014 நிசான் லீஃப் மின்கார் விலைக்கு வந்திருக்கிறது. "12 பார் இருக்கு, பற்றரி புதுசு மாதிரி" என்கிறார் கார் சேல்காரர். அது இன்னும் எத்தனை வருடம் போகும் என்பது முதல் கேள்வி. ஓ லெவல் படிக்கும் மகள் "அந்தப் பற்றரிக்குத்தான் அப்பா கொங்கோவில சின்னப் பிள்ளையள் மண் தோண்டுதுகள்" என்று கோபால்ட் என்ற உலோகத்தைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து மனம் ஒப்பவில்லை, பழையதை வாங்கினால் அந்தப் பழி நமக்கு வராதா என்பது இரண்டாவது. எனக்கு இவை இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது எடுத்ததுதான். அதை எட்டு வருடத்தில் குப்பையாக்குவதா, இருபது வருடம் வேலை வாங்குவதா என்பது மட்டும்தான் கொழும்பில் இருக்கும் ஒருவரின் கையில் உள்ளது. ஆகவே பற்றரியில் தொடங்குகிறேன்.

முதலில் அந்த 12 பார். லீஃபின் டாஷ்போர்டில் சார்ஜ் அளவுக்குப் பக்கத்தில் நிற்கும் சிறு கோடுகள் பற்றரியின் கொள்ளளவைக் காட்டுபவை. சார்ஜ் ஏறினாலும் அவை கூடுவதில்லை. கொள்ளளவு 85 சதவீதத்துக்குக் கீழே போகும்போது முதல் கோடு விழும். அதன் பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு 6.25 சதவீதத்துக்கும் ஒன்று. அதாவது 10 கோடு என்றால் 73க்கும் 79க்கும் இடையில், 9 என்றால் 66க்கும் 72க்கும் இடையில், 8 என்றால் அதற்கும் கீழே. கொழும்பு வெக்கையில் வருடக்கணக்காக நின்ற 2014 கார் அசல் பற்றரியோடு 12 கோடு காட்டாது. ஒன்றில் முழுப் பற்றரியும் மாற்றப்பட்டிருக்க வேண்டும். அப்படியென்றால் பில்லும் பற்றரியின் தொடர் இலக்கமும் இருக்கும், கேளுங்கள். இல்லையென்றால் பற்றரிக் கட்டுப்பாட்டுக் கம்பியூட்டரை 'ரீசெட்' பண்ணியிருக்கிறார்கள். ரீசெட் பண்ணினால் அது தான் கற்று வைத்த கணக்கையெல்லாம் மறந்து, புதுப் பற்றரி என்று நினைத்து 12 கோட்டையும் ஏற்றிக் காட்டும். சில வாரங்கள், சில மாதங்கள் ஓடியதும் திரும்பக் கணக்கைப் படித்து ஒவ்வொன்றாகக் கழற்றும். அதற்குள் கார் உங்கள் பெயருக்கு மாறியிருக்கும்.

இதைப் பிடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, காரின் கம்பியூட்டரைப் படிக்கும் ஓபிடி 2 புளூடூத் டொங்கிளும் போனில் 'லீஃப் ஸ்பை' செயலியும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொக்கெற்றில் செருகினால் போதும். அதில் ஏஎச்ஆர் (அம்பியர்மணிக் கொள்ளளவு) என்ற எண் புதுப் பற்றரியில் 65, 66 அளவில் இருக்கும். கிட் (உள்ளே சேர்ந்திருக்கும் மின்னின் அளவு) என்ற எண் புதிதில் முழுச் சார்ஜில் 281. ஆனால் ரீசெட் பண்ணிய காரில் இந்த எண்களும் சேர்ந்து பொய் சொல்லும் என்பதால் அவற்றில் நிற்காமல் அடுத்த திரைக்குப் போங்கள். அங்கே கலங்களின் வோல்ற்றேஜைக் காட்டும் 96 தூண்கள் வரிசையாகத் தெரியும். 192 கலங்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து, 96 சோடிகள் தொடராக நிற்பதுதான் அந்தப் பற்றரி. முழுச் சார்ஜில் எல்லாத் தூணும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்று உங்களை ஏமாற்றும். சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது, இன்னொருவர் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒரு ஏற்றத்தில் அக்சிலேற்றரை நன்றாக மிதிக்கச் சொல்லுங்கள். எல்லாத் தூண்களும் சேர்ந்து இறங்கினால் அது மூப்பு மட்டுமே. ஒன்றோ இரண்டோ மட்டும் மற்றவற்றை விட்டு 100 மில்லிவோல்ற், 150 மில்லிவோல்ற் என்று கிணற்றுக்குள் விழுவதுபோல் விழுந்தால் அந்தக் கலங்கள் முடியப் போகின்றன. தொடராக இணைத்த பற்றரியில் மிகப் பலவீனமான கலம் வெறுமையானால் கார் நின்றுவிடும்; மற்ற 95 சோடியில் எவ்வளவு மின் மிச்சம் இருந்தாலும் எடுக்க முடியாது.

இரண்டாவது வழிக்கு எந்தச் செயலியும் தேவையில்லை; மீற்றர் பொய் சொல்லாது. காரை 20 சதவீதம் வரை ஓடி இறக்கி, ஒரு யூனிட் மீற்றர் வழியாக 100 வரை சார்ஜ் ஏற்றுங்கள். மீற்றர் 13 யூனிட் (கிலோவாட்மணி) காட்டினால், சுவரிலிருந்து பற்றரிக்குப் போகும் வழியில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து வீணாகும் என்று கழித்தால் உள்ளே போனது சுமார் 11.3. அது 80 சதவீதப் பங்கு. 0.8ஆல் வகுத்தால் முழுக் கொள்ளளவு ஏறக்குறைய 14 கிலோவாட்மணி. புதிதில் பாவிக்கக்கூடியது 21 சொச்சம். ஆக மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு. காலி வீதி நெரிசலில் ஏசியோடு ஒரு கிலோவாட்மணிக்கு 6 முதல் 7 கிலோமீற்றர் என்று வைத்தால் 85 முதல் 98 கிலோமீற்றர் வரை ஓடும். உங்கள் 40 கிலோமீற்றருக்கு இது இன்றைக்குத் தாராளம். ஒரு நாள் காரைக் கையில் தர மறுக்கும் சேல்காரரிடம் இந்தச் சோதனை நடக்காது. அந்த மறுப்பே பாதிப் பதில்.

ஏன் தேய்கிறது என்பதில் ஒரு தப்பான எண்ணம் பரவலாக உண்டு. சார்ஜ் ஏற்றி இறக்கும் தடவைகள்தான் பற்றரியைக் கொல்கின்றன என்பார்கள். உங்கள் ஓட்டம் வருடத்துக்கு 14,600 கிலோமீற்றர். புதுப் பற்றரிக் கணக்கில் அது 107 முழுச் சார்ஜ். பத்து வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். இந்த வகைக் கலங்கள் அதைத் தாங்கும். கொழும்பில் உண்மையான எதிரி, கார் சும்மா நிற்கும் நேரம். கலத்துக்குள் கிராபைட் தகட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் வளர்ந்துகொண்டே இருக்கும். அது லித்தியத்தைத் தின்று வளரும். தின்ற லித்தியம் திரும்பக் கிடைக்காது. வெப்பம் 10 பாகை கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது இரசாயனத்தில் பழகிய பருமட்டான கணக்கு. நிறையச் சார்ஜோடு வெயிலில் நின்றால் இன்னும் மோசம். ஜப்பானில் குளிர்காலம் என்று ஒன்று வந்து பற்றரிக்கு ஓய்வு கொடுக்கும். கொழும்பில் இரவிலும் 25, 26 பாகைதான். சுமார் 300 கிலோ எடையுள்ள அந்தப் பெட்டி விடிவதற்குள் ஆறுவதில்லை. போதாததற்கு லீஃபில் பற்றரியைக் குளிரவைக்கத் தண்ணீரும் இல்லை, விசிறியும் இல்லை. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்து லீஃப்கள் வந்து இரண்டே வருடத்துக்குள் கோடுகளை இழந்து, 2012இல் பெரிய சர்ச்சையானதன் காரணமும் இந்தச் சூடுதான். இன்னொன்றும் உண்டு: பழைய லீஃபின் கலத்தில் பிரதானமாக இருப்பது மங்கனீசு ஒக்சைட். சூட்டில் மங்கனீசு மெல்லக் கரைந்து மறுபக்கத் தகட்டில் போய்ப் படியும். 2014இன் பிற்பகுதியிலிருந்து வந்த 24 கிலோவாட்மணிக் கார்களில் நிசான் சூடு தாங்கும் கலவையைப் போட்டது. அதைப் 'பல்லிப் பற்றரி' என்று சொல்வார்கள். ஆகவே 2014 என்று மட்டும் சொன்னால் போதாது, தயாரித்த மாதத்தையும் பாருங்கள்.

இனி, எத்தனை வருடம். உறுதியாகச் சொல்லக்கூடியது: தேய்வு முதல் இரண்டு மூன்று வருடம் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் போகும், நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். ஓரளவு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது: 66 சதவீதத்தில் நிற்கும், கலங்கள் ஒரே மட்டத்தில் உள்ள கார் இன்னும் நாலைந்து வருடம் 40 கிலோமீற்றர் வேலையைச் செய்யும். எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது: ஒரு தனிக் கலம் எப்போது திடீரென்று கைவிடும் என்பது. பழைய ஆளின் பல் போல, எல்லாம் சேர்ந்து தேயும், ஆனால் விழுவது ஒன்றுதான். விலை பேசும்போது இந்த மூன்றாவதற்கு என்று ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள்.

வாங்கினால் பழக்கங்கள் இவை. சார்ஜை 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருங்கள். நாளுக்கு 40 கிலோமீற்றர்தான் என்பதால் இது உங்களுக்கு முடியும். யாழ்ப்பாணம் போவதற்கு எப்படியும் பஸ்ஸோ ரயிலோதான். காரைக் கொண்டுவந்து நிறுத்தியவுடன் சார்ஜில் போடாதீர்கள். பற்றரி சூடாக இருக்கும். இரவு 10.30க்குப் பிறகு டைமரில் போடுங்கள். நேர அடிப்படைக் கட்டணத்தில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரைதான் மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை ஆக விலை கூடிய நேரம். அந்தக் கட்டணமுறை உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்று உங்களுக்கு மின் வழங்கும் நிறுவனத்திடம் கேளுங்கள். ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டால் 40, 50 சதவீதத்தில் நிழலில் விட்டுவிட்டுப் போங்கள், முழுச் சார்ஜில் அல்ல. அதிவேகப் பாதையில் ஓடி வந்து, விரைவுச் சார்ஜரில் ஏற்றி, திரும்ப அதிவேகப் பாதை என்று ஒரே நாளில் இரண்டு தடவை செய்தால் பற்றரியின் வெப்பமானி சிவப்பை நோக்கிப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: இந்த 80 சதவீத விதியை எல்லா மின்காருக்கும் பொருத்தாதீர்கள். இப்போது வரும் பீவைடி போன்றவற்றில் இருப்பது லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி. அதன் வோல்ற்றேஜ் நடுவில் மேசை மாதிரித் தட்டையாக இருப்பதால் கம்பியூட்டருக்கு எவ்வளவு மிச்சம் என்று குழம்பும். அதை இடைக்கிடை, பொதுவாக வாரத்தில் ஒருதரம், 100 வரை ஏற்றத்தான் வேண்டும்.

சொக்கெற் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பற்றரியை விட இதுதான் வீடுகளில் ஆபத்து. லீஃபோடு வரும் கையடக்கச் சார்ஜர் 3 கிலோவாட் அளவில், ஏழெட்டு மணிநேரம் விடாமல் இழுக்கும். நம் வீடுகளின் 13 அம்பியர் சொக்கெற் கேத்திலுக்கும் அயன்பொக்ஸுக்கும் என்று செய்தது. பத்து நிமிடம் தாங்கும், எட்டு மணிநேரம் தாங்காது. உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்வி சூடேறித் தளரும், தளர்ந்தால் தொடுகை குறையும், குறைந்தால் இன்னும் சூடாகும். ஒரு நாள் பிளாஸ்ரிக் உருகிய மணம் வரும். ஜப்பான் பிளக்கை அடப்டர் வைத்துச் செருகுவது இதைவிட மோசம். செய்ய வேண்டியது: மெயின் பெட்டியிலிருந்து சார்ஜருக்கென்றே தனி வயர், தூரத்தைப் பொறுத்து 4 அல்லது 6 சதுர மில்லிமீற்றர், தனி பிரேக்கர், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச், அதுவும் நேரோட்ட (டீசி) மின் கசிவையும் கணக்கில் எடுக்கும் வகை, கடைசியில் தொழிற்சாலைகளில் பாவிக்கும் நீல நிற 16 அம்பியர் சொக்கெற். வெள்ளவத்தை, தெகிவளை மாடிக் குடியிருப்புகளில் பொது வாகனத் தரிப்பிடத்துக்கு மூன்றாம் மாடியிலிருந்து எக்ஸ்ரென்ஷன் வயர் தொங்கவிடுவதைக் காணலாம். சுருட்டி வைத்த மிச்ச வயர் தன் சூட்டிலேயே உருகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கார் ஒரு நாள் திடீரென்று உயிர் வராமல் கிடந்தால் உடனே பெரிய பற்றரி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். முன்பக்கத்தில் சாதாரண 12 வோல்ற் ஈயப் பற்றரி ஒன்று உண்டு. அது மூன்று நாலு வருடத்தில் முடியும். அது முடிந்தால் பெரிய பற்றரியின் இணைப்பே திறக்காது. மல்ரிமீற்றரில் 12.4க்குக் கீழே காட்டினால் முதலில் அதை மாற்றுங்கள்.

தனிக் கலங்கள் போனால் பற்றரியைத் திறந்து மொடியூல் மாற்றிக் கொடுக்கும் கராஜ்கள் கொழும்பைச் சுற்றி இருக்கின்றன. 48 மொடியூல்கள், ஒவ்வொன்றிலும் நாலு கலம், ஒவ்வொன்றும் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வேலை தெரிந்தவரா என்று கண்டுபிடிக்க இரண்டு கேள்வி போதும். முதலாவது: "போடப்போகும் மொடியூலின் கொள்ளளவை அளந்தீர்களா?" மற்ற 47ம் 65 சதவீதத்தில் நிற்க, 85 சதவீத மொடியூல் ஒன்றைப் போட்டால் அதன் கூடுதல் கொள்ளளவால் ஒரு பயனும் இல்லை; அதைவிடக் குறைந்ததைப் போட்டால் அடுத்த மாதம் அதுவே பலவீனக் கலமாகும். போடுமுன் எல்லாவற்றையும் ஒரே வோல்ற்றேஜுக்குக் கொண்டுவரவும் வேண்டும். இரண்டாவது: "ஆரஞ்சு சேர்விஸ் பிளக்கை எடுத்தபிறகு எவ்வளவு நேரம் பொறுப்பீர்கள்?" பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும், இன்வேர்ட்டரின் கபாசிற்றர்கள் வெறுமையாக. உள்ளே 360 முதல் 400 வோல்ற் நேரோட்ட மின், பிடித்தால் விடாது. இறப்பர் கையுறை இல்லாமல் ஸ்பானரோடு குனிபவரிடம் காரை விடாதீர்கள். மூடும்போது பெட்டியின் விளிம்பில் புதிய சீலண்ட் பூசாமல் விட்டால் முதல் மழையிலேயே ஈரம் உள்ளே போகும். கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கத்துக் கார் என்றால் 2016 மே போன்ற களனி வெள்ளத்தில் நின்றதா என்று காருக்கு அடியில் பாருங்கள். ஆரஞ்சுக் கேபிளின் கவ்விக்குள் காய்ந்த சேறு இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

இனி மகளின் கேள்வி. 'பற்றரிக் கனிமம்' என்று மொத்தமாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. எந்தப் பற்றரி என்று கேட்க வேண்டும். நிக்கல், மங்கனீசு, கோபால்ட் கலந்த 60 கிலோவாட்மணிப் பற்றரி ஒன்றில் பருமட்டாக 6 கிலோ லித்தியம், 35, 40 கிலோ நிக்கல், கலவையைப் பொறுத்து 5 முதல் 12 கிலோ வரை கோபால்ட், 50 கிலோவுக்கு மேல் கிராபைட் இருக்கும். லித்தியம் இரும்பு பொஸ்பேற்றில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. நீங்கள் பார்க்கும் பழைய லீஃபில் மங்கனீசே பிரதானம், நிக்கல் சேர்ந்த கலவை கொஞ்சம்; கோபால்ட் மிகக் குறைவு. கோபால்ட்டைப் பற்றிக் கேட்ட மகளின் கையில் இருக்கும் போனில்தான், எடைக்கு எடை பார்த்தால், அது தாராளமாக இருக்கிறது. இதைச் சொல்லி அவளை மடக்க வேண்டாம், கேள்வி சரியான கேள்வி. பெற்றோலிலிருந்து கந்தகம் நீக்கும் வினையூக்கியிலும் கோபால்ட் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கொங்கோ பற்றி உறுதியானவை: உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் கொங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது, பெரும்பகுதி இயந்திரங்கள் வைத்த பெரிய சுரங்கங்களில், ஒரு பகுதி கொல்வேசி போன்ற இடங்களில் கையால் தோண்டுபவர்களிடமிருந்து. அந்தக் கைத்தோண்டலில் பிள்ளைகள் தாதுவைப் பொறுக்குவதும் கழுவுவதும் சுமப்பதும், தாங்கு கட்டை இல்லாத குழிகள் இடிந்து ஆட்கள் சாவதும் நன்கு பதிவானவை. சர்வதேச மன்னிப்புச் சபையின் 2016 அறிக்கை இதை உலகத்தின் முன் வைத்தது. உறுதியில்லாதவை: கைத்தோண்டலின் பங்கு. 10 சதவீதம் என்பவரும் உண்டு, 30 என்பவரும் உண்டு, கோபால்ட் விலையோடு அது ஏறி இறங்கும். 40,000 பிள்ளைகள் என்று எல்லாரும் எடுத்துச் சொல்லும் எண் யுனிசெஃப் 2014இல் தந்த மதிப்பீடு. தென் கொங்கோவின் எல்லாச் சுரங்கங்களுக்கும் சேர்த்தது, கோபால்ட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு குறிப்பிட்ட காரின் கோபால்ட் எந்தக் குழியிலிருந்து வந்தது என்பதைக் கம்பனியாலேயே பெரும்பாலும் சொல்ல முடியாது. கையால் தோண்டியதும் இயந்திரம் தோண்டியதும் வியாபாரியின் களஞ்சியத்தில் ஒன்றாகக் கொட்டப்பட்டு, கப்பலேறி, பெரும்பாலும் சீனாவில் சுத்திகரிக்கப்படுகின்றன. உப்பளத்தில் எந்தப் பாத்தியின் உப்பு என்று சமையலறையில் கேட்பதுபோல. கைத்தோண்டலை அடியோடு தடைசெய்யச் சொல்வதும் சுலபமில்லை. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பெரியவர்களின் அன்றாடச் சோறு அதில்தான். குழிக்குத் தாங்கு கட்டையும், வாசலில் வயது பார்ப்பதும், நியாயமான நிறுவையும்தான் அங்குள்ளவர்களே கேட்பவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பற்றரிச் சட்டம் 2027 பெப்ரவரியிலிருந்து கார்ப் பற்றரிக்கு, அதன் மூலப்பொருள் விபரங்களைத் தாங்கும் ஒரு மின் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்குகிறது. ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் காருக்கு அது பொருந்தாது.

கோபால்ட்டை விட்டால் மற்றவை சுத்தம் என்றில்லை. உலக நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவில் தோண்டப்படுகிறது. சுலவேசியின் உருக்காலைகள் தமக்கென்று கட்டிய நிலக்கரி மின்நிலையங்களில் ஓடுகின்றன. சிலியின் அட்டகாமாவில் பாலைநிலத்துக்கு அடியிலிருந்து உவர்நீரை இறைத்து, ஒரு வருடத்துக்கு மேல் வெயிலில் காயவைத்து லித்தியம் எடுக்கிறார்கள். அது பக்கத்துக் கிராமங்களின் நன்னீரை எவ்வளவு குறைக்கிறது என்பதில் நீரியலாளர்களுக்குள்ளேயே வழக்கு தீரவில்லை.

இதையெல்லாம் தூர தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டியதில்லை. பொஸ்பேற் பற்றரிக்கு வேண்டிய பொஸ்பேற் அநுராதபுரத்துக்குப் பக்கத்தில் எப்பாவலவில் கிடக்கிறது. அதை ஒரு அமெரிக்கக் கம்பனிக்குப் பெருமளவில் தோண்டக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து அங்குள்ளவர்கள் வழக்குப் போட்டார்கள். முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இல்லாமல் உடன்படிக்கை செய்யக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் மற்ற நாடுகளின் சட்டக் கல்லூரிகளில் வாசிக்கப்படுகிறது. கேகாலை மாவட்டத்துப் பொகலவிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் பாறைப் பிளவுகளில் கிடைக்கும் காரீயம், அதாவது கிராபைட், 95 சதவீதத்துக்கும் மேல் கரிமம் கொண்ட அபூர்வ வகை. பெரும்பாலான லித்தியம் பற்றரிகளில் எடையில் முன்னுக்கு நிற்கும் கனிமங்களில் ஒன்று கிராபைட். அதைப் பற்றரிக்கு ஏற்றபடி உருண்டையாக்கிப் பூச்சிடும் தொழில் மட்டும் கிட்டத்தட்ட முழுவதும் சீனாவில். 'அங்கே தோண்டினால் பாவம், இங்கே தோண்டினால் அபிவிருத்தி' என்ற இரட்டை அளவுகோலுக்கு நாமும் விலக்கல்ல. மன்னார்த் தீவில் மணல் தோண்டுவதை எதிர்த்துச் சண்டை பிடிப்பவருக்குக் கொல்வேசிக்காரர் என்ன கேட்கிறார் என்பது விளங்கும்.

அப்படியானால் பழைய கார் வாங்கினால் பழி வருமா? என் தீர்ப்பு: புதிதாக ஒரு மண்வெட்டி மண்ணும் உங்களுக்காக வெட்டப்படாது. பழையதற்குக் கிராக்கி இருப்பதால்தான் அதை விற்றவர் புதிதாக இன்னொன்று வாங்குகிறார் என்ற வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் மெலிந்த உண்மை. மறுபக்கத்துத் தராசில் பெற்றோலை வையுங்கள். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் உங்கள் ஓட்டத்துக்கு வருடத்துக்கு 1,200 லீற்றர் எரிக்கும். பத்து வருடத்தில் அது 9 தொன். எரிந்து போனால் ஒரு துளி மிஞ்சாது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் எண்ணெய் மிதக்கும் வாய்க்கால்களும் ஒருவருடைய ஊர்தான். பற்றரியின் 300 கிலோ அப்படியே உள்ளே இருக்கும், திரும்ப எடுக்கலாம். நொரோச்சோலை நிலக்கரியும் நம் மின்சாரத்தில் உண்டு என்பதால் மின்கார் புகையே இல்லாதது என்று நான் சொல்லமாட்டேன். நீர்மின் நன்றாக ஓடும் மாதத்திலும் வரண்ட மாதத்திலும் கணக்கு மாறும்.

காரில் முடிந்த பற்றரி வீட்டில் முடிந்ததல்ல. 60 சதவீதத்தில் நிற்கும் லீஃப் மொடியூல்கள் 7ஐத் தொடராக இணைத்தால் 48 வோல்ற் சோலார் இன்வேர்ட்டருக்குச் சரியாக வரும். உச்ச வோல்ற்றேஜ் 58.8. 14 மொடியூல் போட்டால் 4 கிலோவாட்மணி கிடைக்கும். கரண்ட் போன இரவில் மின்விசிறியும் லைட்டும் ரவுட்டரும் விடியும் வரை ஓடும். கட்டாயம் பற்றரிக் கட்டுப்பாட்டு போர்ட் வேண்டும், இன்வேர்ட்டரை ஈயப் பற்றரி செற்றிங்கில் விடக்கூடாது, மொடியூல்களைத் தகடு வைத்து இறுக்கிக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் ஊதும். படுக்கையறையில் வைக்க வேண்டாம். அதற்கும் பிறகு பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள், வெட்டினால் தீப்பிடிக்கும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். ஆபத்தான கழிவாக நாட்டை விட்டு அனுப்புவதென்றால் பாசல் உடன்படிக்கைப்படி பெறும் நாட்டின் முன்சம்மதம் தேவை என்பதால் அது அவர்களின் வேலை.

உங்கள் பட்ஜெட் பெரிதாக இருந்திருந்தால் நீர்க்குளிரூட்டலும் பொஸ்பேற் பற்றரியும் உள்ள புதிய காரைச் சொல்லியிருப்பேன். வழக்கமான 8 வருட, 160,000 கிலோமீற்றர் உத்தரவாதத்தை இலங்கை முகவர் எழுத்தில் தருகிறாரா, வெளியாள் இறக்கிய காருக்கும் அது செல்லுமா என்று கேட்டபிறகு. இப்போதைக்கு இந்த லீஃபை 9 கோட்டுக் காரின் விலைக்குப் பேசுங்கள், 12 கோட்டுக்கு அல்ல. போன் பண்ணும்போதே சேல்காரரிடம் காரை 20 சதவீதத்துக்கு இறக்கி வைக்கச் சொல்லுங்கள். முழுச் சார்ஜில்தான் காட்டுவேன் என்று நின்றால் வேறு காரைத் தேடுங்கள்.